நடந்துபோகும் தூரம்

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் றெஸ்ரோறன்ற் பொழுதுபட முன்னரே பூட்டப்பட்டுவிடும். மாரிகாலமென்றால் மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு கதிரைகள் மேசைகளின் மேல் ஏறிவிடும். பாரிஸில் மற்ற இடங்களில் கோப்பை கழுவுகிற எங்கள் ஆட்கள் வெள்ளி, சனி இரவுகளில்தான் முறிந்துபோவார்கள். எங்களுக்கு வெள்ளி இரவு ஓய்வு. சனி பொழுதுபட்டு வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் வேலை. "யூதன்ரை இடத்திலை வேலை கிடைச்சால் அதிஷ்டம்" என்று லாச்சப்பலில் தேத்தண்ணிக் கடையில் நிற்பவர்கள் சொல்லுவார்கள்.

நாங்கள் மூன்று பேர். ஒருவர் யாழ்ப்பாணம், பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்து இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவர். ஒருவர் முல்லைத்தீவு, 2009ஐக் கடந்து முகாமுக்குள் போய் வெளியே வந்தவர். மற்றவர் மூதூர். 2013இலிருந்து 19ஆம் வட்டாரத்தில் ஒரே குசினியில் நிற்கிறோம். சமைக்கிறது நாங்கள், ஆனால் அடுப்பைப் பற்றவைக்க எங்களுக்கு உரிமையில்லை. எல்லாம் மதச்சட்டப்படி நடக்கிறதா என்று பார்ப்பதற்கென்று ஷோமேர் என்றொருவர் இருக்கிறார். காலையில் அவர் வந்து நெருப்பை மூட்டினால்தான் எங்கள் நாள் தொடங்கும். முட்டைகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் குவளையில் உடைத்து இரத்தப்பொட்டு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சலாது இலைகளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பூச்சி தேடவேண்டும். இறைச்சிச் சாப்பாடு விற்கும் இடமென்பதால் பால் ஒரு துளியும் உள்ளே வரக்கூடாது. அதனால் இத்தனை வருடமாக வேலை நேரத்தில் எங்களுக்கு வெறுந்தேத்தண்ணிதான்.

பத்ரோனின் தாய் தகப்பன் தூனிஸிலிருந்து வந்தவர்கள். மடம் ஸ்ராஸ்பூர்க்கைச் சேர்ந்தவர். இரண்டு பேரும் யூதர்கள்தான், ஆனால் அவர் செபராது, இவர் அஷ்கெனாசி. எங்களுக்கு முதலில் இது விளங்கவில்லை. பாஸ்கா நாட்களில்தான் விளங்கியது. மடத்தின் தாய்வீட்டில் அந்த எட்டு நாளும் சோறு கூடாது. பத்ரோன் வீட்டு வழக்கத்தில் கூடும். ஆனால் அரிசியை மூன்று முறை மேசையில் பரப்பி, கோதுமை மணி ஏதும் கலந்திருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கவேண்டும். கலியாணம் முடித்தால் புருஷன் வீட்டு வழக்கம் என்பதால் மடமும் பொறுக்கினார். சுளகு இல்லாத ஊரில் அவர் விரல்களால் அரிசி பொறுக்குவதைப் பார்த்தபோது எங்கள் ஆச்சிமார்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். "உங்கள் பக்கத்திலும் இப்படி உண்டா?" என்று கேட்டார். உண்டு, ஆனால் நாங்கள் தேடுவது கல் என்றோம். சிரித்தார்.

இஸ்ரேலுக்குப் போவது என்ற கதை அந்த வீட்டில் எப்போதும் இருந்ததாம். எங்கள் காதில் பலமாக விழத் தொடங்கியது 2015 ஜனவரிக்குப் பிறகு. 9ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. சபாத்துக்குச் சாமான் வாங்கப் போனவர்கள் போர்த் து வன்சென் கோஷர் கடைக்குள் பிணையாகப் பிடிக்கப்பட்டார்கள். நாலு பேர் கொல்லப்பட்டார்கள். அந்தக் கடையில் வேலைசெய்த லசானா பத்திலி என்ற மாலி நாட்டு முஸ்லிம் இளைஞன் ஆட்களைக் கீழ்த்தளத்துக் குளிர் அறைக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்ற உதவினான். பதினொரு நாளில் அவனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கொடுத்தார்கள். நாங்கள் அவன் படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டிக் குளிரூட்டியில் ஒட்டினோம். மடம் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார். கொல்லப்பட்ட நாலு பேரையும் ஜெருசலேமில் அடக்கம் செய்தார்கள். "செத்த பிறகு போவதைவிட உயிரோடு போகலாம்" என்று பத்ரோன் சொன்னார். அந்த வருடம் பிரான்சிலிருந்து எண்ணாயிரம் பேரளவில் போனார்கள்.

போவதா இல்லையா என்பது இரண்டு மாதத்தில் முடிந்த கதை. எந்த ஊருக்கு என்பது இரண்டு வருடம் இழுத்தது. இரவு கடை பூட்டியபின் கடைசி மேசையில் வரைபடத்தை விரித்துவைத்துப் புருஷனும் பெண்சாதியும் கதைப்பார்கள். நாங்கள் நிலம் கழுவிக்கொண்டிருப்போம். ஒரு நாட்டுக்குப் போகிற மனிதர் நாட்டைத்தானே தெரிவுசெய்யவேண்டும், ஊரில் என்ன இருக்கிறது என்று நினைத்த எங்களுக்கு, தெரிவு என்றால் என்னவென்று அந்த மேசைதான் படிப்பித்தது.

முதலாவது நடை. சபாத்தில் வாகனம் ஓட்டக்கூடாது, ஏறவும் கூடாது. ஆகவே வீடு என்பது ஜெபஆலயத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கவேண்டும். எந்த ஜெபஆலயமும் அல்ல, தங்கள் இராகத்தில் ஓதுகிற ஜெபஆலயம். பத்ரோனுக்குத் தகப்பன் ஓதிய இராகம் வேண்டும். பெண்கள் முழுகும் மிக்வேயும் நடந்துபோகும் தூரத்தில் வேண்டும். ஊரைச் சுற்றி எரூவ் எனும் கம்பி கட்டியிருக்கவேண்டும். அந்த எல்லைக்குள்தான் சபாத்தன்று கைக்குழந்தையைத் தூக்கவோ தள்ளுவண்டியை உருட்டவோ முடியும். மடம் இருந்த தெருவில் எரூவ் இல்லை. கடைசிப் பிள்ளை நடக்கத் தொடங்கும்வரை ஒவ்வொரு சபாத்தும் அவர் வீட்டுக்குள்தான் இருந்தார்.

இரண்டாவது பள்ளிக்கூடம். அங்கே அரசாங்கப் பள்ளி, அரசாங்க மதப்பள்ளி, ஹரேதிகள் எனப்படும் கடும் ஆசாரக்காரரின் பள்ளி என்று தனித்தனிப் பாதைகள். எந்தப் பாதையில் பிள்ளையை ஏற்றுகிறோமோ அதுதான் பிள்ளையின் தொப்பியை, பிறகு கலியாணத்தை, தொழிலை, பட்டாளத்தை முடிவுசெய்யும். பின்னல் தொப்பி போட்டவர்கள் அதிகம் உள்ள தெருவில் பதினெட்டு வயதில் பொடியன் பட்டாளத்துக்குப் போவான். கறுப்புத் தொப்பித் தெருவில் அநேகமாக யெஷிவா எனும் வேதபாடசாலையில் இருந்துவிடுவான். பாரிஸில் பத்ரோன் போன்றவர்கள் இரண்டுக்கும் நடுவில் வசதியாக இருந்தார்கள். "அங்கே நடுவில் நிற்க விடமாட்டார்கள். தொப்பியைப் பார்த்தே எந்தப் பக்கம் என்று கணக்கெடுத்துவிடுவார்கள்" என்று மடம் சொன்னார். மூத்த பொடியனுக்கு அப்போது பத்து வயது. வயது ஏறினால் புது மொழியில் பள்ளிக்கூடம் சரிவராது என்று எல்லோரும் அவசரப்படுத்தினார்கள்.

மூன்றாவது மொழி. நெத்தான்யாவில் கடற்கரை, பிரெஞ்சு பேசும் இறைச்சிக்கடை, பிரெஞ்சு பேசும் டொக்டர், பிரெஞ்சு பேசும் ஜெபஆலயம். பத்ரோனின் மைத்துனரும் அங்கேதான். அவருக்கு அது சொர்க்கம். மடத்துக்கு அதுவே பயம். "வெயில் அடிக்கிற பாரிஸுக்குப் போகத்தானா இவ்வளவு பாடு? முப்பது வருடம் இருந்தும் ஹீப்ரு தெரியாத மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன்" என்றார். நாங்கள் மூவரும் ஆளையாள் பார்த்துக்கொண்டோம். எங்களில் மூதூர்க்காரரை அகதிமுகாமென்று தூரத்து நகரமொன்றுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு தமிழ் முகம் இல்லாமல் இரண்டு வருடம் அழுதார், ஆனால் பிரெஞ்சு கற்றுக்கொண்டார். மற்ற இருவரும் வந்த அன்றே லாச்சப்பலில் இறங்கினோம். ரசவள்ளிக்கிழங்கும் கருவாடும் கிடைத்தது, பிரெஞ்சு கிடைக்கவில்லை. இன்றைக்கும் கடிதம் வந்தால் மூதூர்க்காரரிடம்தான் நீட்டுகிறோம்.

ரானானாவில் நல்ல பள்ளிக்கூடங்கள், ஆனால் வாடகை தாங்காது. ஜெருசலேமில் பயித் வெகான், ஹர் நோஃப் பகுதிகளில் பிரெஞ்சுக்காரர் உண்டு, ஆனால் கறுப்புத் தொப்பி கூட. 2016இல் அவர்கள் மூன்று கிழமை போய் ஒவ்வொரு சபாத்தையும் ஒவ்வோர் ஊரில் கழித்துப் பார்த்தார்கள். ஊரின் குணத்தைச் சபாத்துச் சாப்பாட்டில் அளக்கலாமாம். ஓரிடத்தில் ஜெபஆலய வாசலில் ஐந்து பேரும் நின்றார்கள், "சபாத் ஷலோம்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் தங்கள் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். இவர்கள் அறைக்கு வந்து ரின்மீன் சாப்பிட்டார்களாம். இன்னோரிடத்தில் மூன்று வீட்டார் அழைத்தார்கள். அந்த ஊர் எஃப்ராத்.

எஃப்ராத் பற்றிக் கதைத்தபோது மடத்தின் முகம் மலர்ந்திருந்தது. மலைக்காற்று, விசாலமான வீடு, எல்லா வீட்டிலும் நாலைந்து பிள்ளைகள், நடந்துபோகும் தூரத்தில் எல்லாம். அன்றிரவு எங்களில் புவியியல் படித்தவரைக் கூப்பிட்டு, "நீ வரைபடம் படித்தவன்தானே, பார், ஜெருசலேமிலிருந்து எவ்வளவு கிட்ட" என்று காட்டினார். பெத்லகேமுக்குத் தெற்கே ஒரு புள்ளி. வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றவர் கேட்டார்: "மடம், இதிலே கோடு எங்கே?"

"எந்தக் கோடு?"

"1949 யுத்தநிறுத்தக் கோடு. பச்சைக்கோடு என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். இந்த ஊர் அதற்கு அப்பால், மேற்குக் கரையில்."

அந்த வரைபடத்தில் கோடு அச்சடிக்கப்பட்டிருக்கவில்லை. பத்ரோனுக்கு விளங்கிவிட்டது. "அது அரசியல்" என்றார். கோபிக்கவில்லை. கோப்பை கழுவுகிறவர்கள் கேட்கவேண்டிய கேள்வி அல்லத்தான். ஆனால் மூதூர்க்காரர் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்தார். தங்கள் பக்கத்தில் கந்தளாய், அல்லை என்று குடியேற்றத் திட்டங்கள் வந்ததை, வாய்க்கால் வெட்டி, காணி பிரித்து, தூரத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இருத்தியதை, நல்ல பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார். "வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, மடம். அவர்களும் ஏழைகள். எங்களோடு நல்லாய்த்தான் கதைத்தார்கள். அவர்களுக்கும் அந்த ஊரில் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில்தான் இருந்தது."

மடம் வரைபடத்தை மடித்தார். இரண்டு கிழமை எங்களோடு வேலைக்கு மேலாக ஒன்றும் கதைக்கவில்லை. வேலை போகப்போகிறது என்றுதான் நினைத்தோம். பிறகு ஒருநாள் அவராகவே வந்து, "எஃப்ராத் இல்லை" என்றார். ஏன் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கள் கதையால்தான் என்று பெருமைப்பட இடமில்லை. பத்ரோனின் தாய் மலைநாட்டுக்கு வரமாட்டேன், கடல் வேண்டும் என்று அடம்பிடித்ததும் ஒரு காரணம்.

கடைசியில் அஷ்டொட் என்று முடிவானது. துறைமுக நகரம். மொறோக்கோ, தூனிஸ் பக்கத்து யூதர்கள் நிறைய. தகப்பனின் இராகம் கிடைத்தது. அரசாங்க மதப்பள்ளி நடந்துபோகும் தூரத்தில். பச்சைக்கோட்டுக்கு இப்பால். எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் எங்களில் வரைபடக்காரருக்கு ஒரு பழக்கம், ஓர் ஊரின் பெயரைக் கேட்டால் அதன் பழைய பெயரைத் தேடுவார். நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்து எங்களிடம் மட்டும் சொன்னார். இன்றைய அஷ்டொட் 1956இல் மணற்குன்றுகளில் கட்டத் தொடங்கியது. ஆனால் அதற்குக் கொஞ்சம் தள்ளி இஸ்தூத் என்று ஓர் அரபுக் கிராமம் இருந்தது. 1948 ஒக்ரோபரில் அந்தச் சனங்கள் போய்விட்டார்கள். பெரும்பாலும் காசாப் பக்கம். திரும்பி வர விடப்படவில்லை.

"இதையும் போய்ச் சொல்லுவமோ?" என்று முல்லைத்தீவுக்காரர் கேட்டார்.

யாழ்ப்பாணத்தவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கடை சோனகதெருவை அவையளுக்கு ஆர் சொல்லுறது?" என்றார்.

1990 ஒக்ரோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் இயக்கம் ஊரைவிட்டு வெளியேற்றியது. அவர் அப்போது மூன்று வயதுக் குழந்தை. ஆனால் வளர்ந்தபோது அந்த வெறும் வீடுகளின் முற்றங்களில்தான் பெடியள் கிரிக்கெட் அடித்தார்கள். ஜன்னல் கழற்றப்பட்ட வீடுகள். யாருடைய வீடு என்று பந்து பொறுக்கப் போன எவரும் கேட்கவில்லை. ஐந்து வருடத்தின் பின் 1995 ஒக்ரோபர் 30இல் நாங்களே வலிகாமத்தை விட்டு மழைக்குள் நடந்தோம். அதே திகதி என்று அன்றைக்கு நினைத்தவர்கள் எத்தனை பேரோ. மடத்துக்கு நாங்கள் இஸ்தூத் பற்றிச் சொல்லவில்லை. பயத்தால் என்று சொல்லலாம். வெட்கத்தாலும்தான்.

அந்த நாட்களில் மூத்த பொடியன் பள்ளி விட்டு வந்து எங்கள் பக்கத்தில் இருந்து ஹீப்ருச் சொற்கள் பாடமாக்குவான். ஒருநாள் மிருகங்களின் பெயர். "கிஃபீர்" என்றான். முல்லைத்தீவுக்காரரின் கை தண்ணீருக்குள் நின்றுவிட்டது. "என்ன சொன்னாய்?" "கிஃபீர். இளம் சிங்கம்." அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, "எங்கள் ஊரில் அது பறக்கும்" என்றார். சிங்கம் பறக்காது என்று பொடியன் சிரித்தான். 1996இல் இலங்கை விமானப்படை வாங்கிய இஸ்ரேலிய யுத்த விமானத்தின் பெயர் அது. வன்னியில் பிறந்த குழந்தைகள் அம்மா என்ற சொல்லுக்கு அடுத்ததாகப் பழகிய சொல். கிபிர் வருது என்றால் பங்கர். அது ஒரு மிருகத்தின் பெயர் என்று அவருக்கு இருபது வருடம் கழித்து பாரிஸில் ஒரு பிள்ளை சொல்லித் தந்தது. அவர் பொடியனுக்கு விளங்கப்படுத்தவில்லை. ஒரு தோடம்பழத்தை உரித்துக் கொடுத்தார்.

பிறகு பத்திரங்கள் சேர்க்கும் காலம். 1950இல் இயற்றிய திரும்பிவரும் சட்டத்தின்படி எந்த யூதரும் அங்கே போய்க் குடியேறலாம். ஆனால் யூதர் என்று காட்டவேண்டும். ராபியின் கடிதம், தாய் தகப்பனின் கலியாண ஒப்பந்தம், பிறப்புச் சான்றிதழ்கள், முத்திரை, மேல்முத்திரை. மடம் களைத்துப்போய்த் தாள்களை அடுக்குவதைப் பார்க்க எங்களுக்குப் பழைய ஞாபகம். நாங்களும் ஒரு காலத்தில் பங்குத்தந்தையின் கடிதம், ஜே.பி.யின் கடிதம், எம்.பி.யின் கடிதம் என்று அடுக்கியவர்கள்தான். அவர்கள் சொந்த இடம் போக உரிமை உண்டு என்று நிறுவ அடுக்கினார்கள். சொந்த இடத்தில் இருக்கமுடியாது என்று நிறுவ நாங்கள் அடுக்கினோம். எங்கள் பயணப் பத்திரத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கை தவிர என்று எழுதியிருக்கிறது. அதை ஒருநாள் பத்ரோனுக்குக் காட்டினோம். இரண்டுமுறை வாசித்தார். "இரண்டாயிரம் வருடம் நாங்கள் எல்லாப் பாஸ்காவிலும் அடுத்த வருடம் ஜெருசலேமில் என்று சொன்னோம். நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்று கேட்டார். எங்களிடம் அப்படி ஒரு வசனம் இல்லை. அடுத்த மாதம் சீட்டுக்காசு கட்டவேண்டும் என்று மட்டும்தான் சொல்லிக்கொள்கிறோம்.

2017 ஆடியில் போனார்கள். கடையை உடனே விற்கவில்லை. பத்ரோன் ஞாயிறு இரவு விமானத்தில் வந்து வியாழன் திரும்பினார். இப்படித் தகப்பன்மார் கிழமை முழுக்கப் பிரான்சில் உழைத்துச் சபாத்துக்கு வீடு போவதை அவர்கள் போயிங் அலியா என்று பகிடியாகச் சொல்லுவார்கள். இரண்டு வருடத்தில் அவர் தலை நரைத்துவிட்டது. மடம் உல்பான் எனப்படும் மொழிவகுப்பில் ஐந்து மாதம் இருந்தார். தாதித் தொழிலுக்குத் திரும்ப நாளெடுத்தது. அதுவரை ஒரு முதியோர் வீட்டில் துப்புரவு வேலை. ரெலிபோனில், "இப்போது நானும் நிலம் கழுவுகிறேன், உங்களைவிட மெதுவாக" என்றார். அக்கம்பக்கம் எப்படி என்று கேட்டோம். பக்கத்து வீட்டுக்காரி வெள்ளிக்கிழமை மீன்கறி தந்தாள் என்றார். கிட்டத்தட்ட அதுதான் அவருக்கு ஊர். 2019இல் கடை இன்னொரு யூதக் குடும்பத்துக்குக் கைமாறியது. எங்களையும் சேர்த்தே கொடுத்தார்கள், அடுப்பு மாதிரி.

2023 ஒக்ரோபர் 7. ஹமாஸ் தாக்குதலில் ஆயிரத்து இருநூறு பேரளவில் கொல்லப்பட்டார்கள், 251 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அஷ்டொட்டிலிருந்து காசா எல்லை தெற்கே தூரமில்லை. சைரன் ஊதினால் அறைக்குள் ஓட ஒரு நிமிஷமும் இல்லையாம். அங்கே புதிய வீடுகளில் கொங்கிறீற் அறையொன்று கட்டவேண்டுமென்பது சட்டம். "பங்கர்தானே" என்றார் முல்லைத்தீவுக்காரர். மடத்துக்குச் செய்தி அனுப்பினோம். உயிரோடு இருக்கிறோம் என்று ஒரு வரி வந்தது. அதன்பிறகு நடந்ததை உலகம் பார்த்தது. காசாவில் பல்லாயிரக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். சின்ன நிலத்துண்டுக்குள் சனங்களை இங்கே போ அங்கே போ என்று துரத்தியதை நாங்கள் ரெலிபோன் திரையில் பார்த்தபோது, முல்லைத்தீவுக்காரர் எழும்பி வெளியே போய்விடுவார். அவருக்கு அந்தப் படத்தின் முடிவு தெரியும்.

பொடியனுக்கு பதினெட்டு வயது ஆகியிருந்தது. பின்னல் தொப்பி. பட்டாளத்துக்குப் போனான்.

2024இல் ஒரு வெள்ளிக்கிழமை, சபாத்துக்கு முன், மடம் எடுத்தார். ஆனி மாதம் உச்சநீதிமன்றம் யெஷிவா மாணவர்களையும் சேர்க்கவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருந்த நேரம். கறுப்புத் தொப்பிக்காரர் தெருவில் இறங்கியிருந்தார்கள். "அந்த மேசையில் நாங்கள் வேறு தெருவைத் தெரிந்திருந்தால் என் பிள்ளை இப்போது புத்தகத்தோடு இருந்திருப்பான்" என்றார். "இராகத்துக்காகத் தெரிந்தோம். நடக்கும் தூரத்துக்காகத் தெரிந்தோம்." கொஞ்சம் பொறுத்து, "உங்கள் ஊரில் பிள்ளையை மறைக்கத் தாய்மாருக்கு இடம் இருந்ததா?" என்று கேட்டார்.

முல்லைத்தீவுக்காரரிடம் ரெலிபோனைக் கொடுத்தோம். வீட்டுக்கொருவர் என்று இயக்கம் கேட்ட காலத்தில் அவர் அம்மா அவரைத் தண்ணீர்த் தொட்டிக்குள்ளும் பதினாறு வயதுத் தங்கச்சியை அவசரமாய் ஒரு கலியாணத்துக்குள்ளும் ஒளித்தவர். அதை அவர் எங்களுக்கே ஒருமுறைதான் சொல்லியிருக்கிறார். மடத்துக்குத் தன் உடைந்த பிரெஞ்சில் சொன்னார். சொல்லி முடித்து, "அந்தப் பக்கத்திலும் அம்மா இருக்கு, மடம்" என்றார். அந்த முனையில் சத்தமில்லை. பிறகு மடம், "தெரியும்" என்றார். "மெழுகுதிரி கொளுத்த நேரமாகிவிட்டது" என்றார்.

பொடியன் இன்றைக்கு உயிரோடு இருக்கிறான். அவன் என்ன பார்த்தான், என்ன செய்தான் என்று நாங்கள் கேட்கவில்லை. தோடம்பழம் உரித்துக் கொடுத்த கையால் அதைக் கேட்க முல்லைத்தீவுக்காரருக்கு இன்னும் மனம் வரவில்லை.

போன வருடம் எங்களில் மூதூர்க்காரருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. இனி அவர் ஊருக்குப் போகலாம். கேள்விப்பட்டு மடம் எடுத்து, சந்தோஷத்தோடு, "போய் இருக்கப்போகிறீர்களா? எந்த இடம்? பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? பக்கத்தில் யார்?" என்று பழைய மேசைக் கேள்விகளையெல்லாம் அடுக்கினார். மூதூர்க்காரர் யோசித்தார். நாங்களும் யோசித்தோம். கோயில் இருக்கும் இடம் தெரியும், கிணறு இருந்த இடம் தெரியும். பக்கத்து வளவில் இப்போது யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு முதல் யார் இருந்தார்கள் என்று கேட்டுச் சொல்லுகிறேன் என்றார்.